மூன்றாவது புகார்

"மூணாவது புகார்னு போட்டிருக்கீங்களேம்மா, மத்த ரெண்டு யாரு எழுதினது?"

காலை பதினொன்றே கால். கார் கம்பெனியின் புகார்ப் பிரிவில் பன்னிரண்டு மேசைகள். அவற்றில் ஜன்னலோர மேசை போனை எடுத்தவளுடையது. சக்கரமும் டயரும் அவள் பங்கு, ஐந்து வருடங்களாக. டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறது, ஸ்டியரிங் உதறுகிறது, புது வண்டியில் பழைய டயரை மாட்டிவிட்டீர்கள், ஸ்டெப்னிக்குள் எலி குடித்தனம் நடத்துகிறது என்று தினமும் நூறுக்குக் குறையாமல் வந்து விழும். படித்து, பதில் அனுப்பி, மூட வேண்டும். மேலதிகாரி வாய் திறந்தால் ஒரே கேள்வி: "மூடியாச்சா?" அதனால் அவருக்குப் பெயரே மூடி.

"புரியலைங்க மேடம். புகார் நம்பர் சொல்லுங்க."

எதிர்முனைப் பெண் நிதானமாகச் சொன்னாள். திரையில் புகார் விரிந்தது. 'பின்னால் இடது பக்கச் சக்கரத்தில் டக் டக் என்று சத்தம். நாற்பதைத் தாண்டினால் வருகிறது, திருப்பத்தில் நின்றுவிடுகிறது.' கீழே இவள் அனுப்பிய பதில்: 'மூன்றாவது முறையாகத் தாங்கள் அனுப்பியுள்ள இப்புகார் ஏற்கனவே தீர்க்கப்பட்டுவிட்டது. டயரில் காற்றைச் சரிபார்த்துக்கொள்ளவும்.'

"இதையே இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை அனுப்பியிருக்கீங்க மேடம். அதான் அப்படி..."

"எங்க வீட்டுக்காரர் ஒரே தடவைதான் எழுதினார். நான்தான் டைப் பண்ணிக் குடுத்தேன். அவருக்கு விரல் தடிமன், ஒண்ணைத் தொட்டா ரெண்டு எழுத்து விழும்." ஒரு மூச்சு. "உங்க பதிலைப் பாத்துட்டுச் சிரிச்சார். 'நான் எழுதாததையும் சேத்துப் படிச்சிருக்காங்கடி, நல்ல கம்பெனி'ன்னார். காத்தடிச்சுட்டு வந்துடறேன்னு வண்டியை எடுத்தார். சக்கரம் மட்டும் தனியா ஓடி ஒரு கடை வாசல்ல போய் நின்னுச்சாம். வண்டி பாலத்துக்குக் கீழ. ஒம்போது நாள் ஆச்சு."

அவள் திரையில் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தைப் பார்த்தாள்; காலி.

இங்கே ஒரு ஏற்பாடு உண்டு. யாரோ ஒருவர் எப்போதோ தெரிந்தவர்களின் புகாரை முதலில் கவனித்துவிட்டார் என்று, அன்றிலிருந்து பெயரையும் போன் நம்பரையும் திரையில் மறைத்துவிட்டார்கள். படிப்பவருக்குத் தெரிவது வாசகம் மட்டும். அதே வாசகம் திரும்ப வந்தால், அதே ஆள் நச்சரிக்கிறார் என்று பழைய புகாரோடு சேர்த்துவிட வேண்டும். சேர்த்தால் கணக்கில் ஒன்று. ஒரே கோளாறுக்கு ஐம்பது தனிப் புகார் சேர்ந்தால்தான் தொழிற்சாலையில் மணி அடிக்கும். சேர்ப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. போன வருஷம் அதற்காகவே ஒரு ஃப்ளாஸ்க் பரிசு கொடுத்தார்கள். அதில்தான் இப்போது அவளுடைய டீ இருக்கிறது. மூன்று பேர் காதில் ஒரே சத்தம் விழலாம், மூன்று பேரும் அதை டக் டக் என்றே எழுதலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்தான். டக் டக்கை வேறு எப்படி எழுதுவார்கள்?

தம்பி நினைவுக்கு வந்தான். அவள் சொல்லித்தான் அதே காரை வாங்கினான். இரண்டு மாதம் முன்பு சாப்பிடும்போது, "அக்கா, பின்னாடி ஏதோ சத்தம்" என்று ஆரம்பித்தான். "ஆபீஸ்ல கேக்கறது போதாதா? காத்து செக் பண்ணு, போ" என்றாள். "சரிங்க மேடம்" என்று கும்பிடு போட்டுவிட்டு எழுந்தான். அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"லைன்லயே இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு மூடியின் அறைக்கு ஓடினாள். சேர்த்ததைப் பிரிக்கவும் பெயரைத் திறக்கவும் அவருடைய பாஸ்வேர்டு வேண்டும்.

"பிரிக்கறதா?" மூடி கண்ணாடியைக் கழற்றினார். "இதை மட்டுமா சேத்த? ஒண்ணைப் பிரிச்சா எல்லாத்தையும் பிரின்னுவாங்க. ஐம்பதைத் தாண்டிருச்சுன்னா பதில் சொல்றது நீயா, நானா? இன்ஷூரன்ஸ்காரன் பாத்துப்பான். முதல்ல போனை வை."

அவள் வைக்கவில்லை. அவர் மேசையில் இருந்த போனுக்கு அந்த அழைப்பை மாற்றி, ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"நீங்களே சொல்லுங்க சார். அவங்க கேக்கறாங்க."

ஸ்பீக்கரில் பிரஷர் குக்கர் விசில் ஒன்று கேட்டு அடங்கியது.

"ஐயா, நான் வம்புக்கு வரலை" என்றாள் அந்தப் பெண். "எங்க வீட்ல முடிஞ்சு போச்சு. அந்த ரெண்டு வீட்ல யாராவது இப்ப சாவியை எடுத்துக்கிட்டு இருப்பாங்க. நீங்க சீக்கிரம் பாருங்க."

மூடி கீபோர்டை இழுத்துக்கொண்டார். முதல் முறை தப்பாக அடித்தார். இரண்டாவது முறை திறந்தது.

மூன்று நம்பர்கள். மேலே ஒன்று, தெரியாத நம்பர். கீழே ஒன்று, பேசிக்கொண்டிருப்பவளின் வீட்டு நம்பர். நடுவில் இருந்ததை அவள் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. பத்து வருஷமாக மனப்பாடம்.

"என் தம்பி சார்."

செல்போனை எடுத்து அழைத்தாள். நான்காவது மணியில் எடுத்தான். காற்று இரைந்தது. பின்னால் குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, இந்த நேரத்துல? ஹைவேல இருக்கேன்."

"வண்டில யாரெல்லாம்?"

"அம்மாவும் பாப்பாவும். ஏன்?"

"பிரேக்கை மிதிக்காத. ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடு. அப்படியே ஓரத்துக்குக் கொண்டா. கேள்வி கேக்காதடா, சொன்னதைச் செய்!"

காற்றின் இரைச்சல் மெல்ல மெல்லத் தணிந்தது. அது தணியத் தணிய அடியிலிருந்து அந்தச் சத்தம் மேலே வந்தது. டக். டக். ஐந்து வருடமாக எழுத்தில் படித்ததை அவள் முதல் முறையாகக் காதால் கேட்டாள். பிறகு அதுவும் நின்றது. கதவு திறந்தது. சரளைக்கல்லில் செருப்புச் சத்தம்.

"அக்கா." குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "நட்டு கையிலயே கழண்டு வருதுக்கா. ஒண்ணு ஏற்கனவே இல்ல."

"எல்லாரையும் கீழ இறக்கு. என்கிட்ட ஏண்டா சொல்லலை?"

"சொன்னேனே. நீ மேடம் ஆயிட்ட. அதான் ஊரான் மாதிரி எழுதிப் பாத்தேன். ஊரானுக்கும் அதே காத்துதான்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். போனை அணைத்த பிறகுதான் ஸ்பீக்கர் திறந்தே இருப்பது தெரிந்தது.

"ஒருத்தர் கிடைச்சுட்டாரா?" என்றாள் அந்தப் பெண்.

"கிடைச்சுட்டார்ம்மா."

"நல்லது. இன்னொருத்தர்?"

அதுதான் எல்லாவற்றிலும் பழைய புகார். ஐந்து வாரம் ஆகிறது. மூடி தன் செல்போனை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் நம்பரை அழுத்தி மேசை மேல் வைத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. தானாகவே நின்றது. மறுபடி அழுத்தினாள்.

"எடுக்கறாங்களாம்மா?"

"மணி போகுதுங்க."

"போகட்டும். நான் லைன்லயே இருக்கேன்."

மேசை மேல் இரண்டு போன்கள். ஒன்றில் அந்தப் பெண்ணின் மூச்சு. இன்னொன்றில் மணி. மூடி கழற்றிய கண்ணாடியை மாட்ட மறந்து, கையிலேயே பிடித்தபடி, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு. எட்டு. ஒன்பது.