இலைக்குத் துவக்கு

எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தவர் அழகுமுத்து. பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கம்பஸில் ஆராய்ச்சி செய்தார். சாப்பாடு எங்களோடுதான். அம்மா கறி போடப் போடத் தன் வேலையைச் சொல்லுவார். மிக நுண்ணிய தங்கத்தூளில் மரபணுவைப் பூசி, வாயு அழுத்தத்தால் பப்பாசி இலைக்குள் பாய்ச்சுவார்களாம். அந்தக் கருவிக்கு ‘ஜீன் கன்’, மரபணுத் துவக்கு, என்று பெயராம்.

“இலைக்கும் துவக்கோ!” அம்மா சிரிப்பா.

“சிரிக்காதீங்கம்மா. இனி வர்ற காலத்துல தடுப்பு மருந்தையும் இப்பிடித்தான் தோலுக்குள்ள அடிப்பாங்க. ஊசியே வேணாம்.”

குமர்ப்பிள்ளை என்பதால் நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் கேட்பேன். அவரோடு ஒருநாளும் கதைத்ததில்லை.

கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்த கிழமை, ஒரு பின்னேரம், பொலிஸ் வீடு வீடாகச் சோதித்துக்கொண்டு வந்தது. சார்ஜன்ட் சிறில் அழகுமுத்துவின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவருக்கு என்ன வேலை என்று அம்மாவிடம் சிங்களத்தில் கேட்டார். அம்மாவின் சிங்களம் மீன்காரனோடு பேரம் பேச மட்டும் காணும்.

“நல்ல பிள்ளை மாத்தயா! துவக்கு... துவக்கு வேலை!”

சிங்களத்திலும் அது துவக்குதான். சார்ஜன்டின் கை அழகுமுத்துவின் தோளை இறுக்கிப் பிடித்தது. அழகுமுத்து ஆங்கிலத்தில் விளக்கப் பார்த்தார். இடையில் ‘ஷூட்’ என்ற சொல் வந்து இன்னும் கெடுத்தது. வாசலில் ஜீப் நின்றது. எங்கள் தெருவில் அப்படி ஏற்றப்பட்ட இரண்டு பேர் இன்னும் திரும்பவில்லை.

நான் உள்ளே ஓடி, என் தலையணை உறைக்குள் இருந்த படத்தை எடுத்து வந்தேன். ஓர் இலை. அதில் நீலப் புள்ளிகள். மரபணு போய்ப் பிடித்த இடமெல்லாம் நீலமாகுமென்று அவர் சொல்லியிருந்தார். அவருடைய மேசையிலிருந்து நான் எடுத்த படம்.

“மினிஸ்ஸுன்ட நெமெய்,” என்றேன். மனிசருக்கு இல்லை. “கொளவலட.” இலைகளுக்கு.

சார்ஜன்ட் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். இலைக்கு நோகாதா என்று கேட்டார்.

தெரியாது, ஆனால் சாகவில்லை என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

கையை எடுத்தார். நாளைக்குக் காலை கம்பஸ் கடிதத்தோடு ஸ்டேஷனுக்கு வரவேண்டும் என்றார். “அம்மே, ஆயெத் துவக்கு கியன்ட எப்பா!” இனித் துவக்கு என்று சொல்லவேண்டாமாம். படத்தையும் கொண்டு போய்விட்டார்.

“என்ர வாயை அடுப்பில வைக்க!” அம்மா நிலத்தில் குந்திவிட்டா.

அழகுமுத்து என்னைப் பார்த்தார். “பத்து நாளா தேடுறேன். எலி இழுத்துக்கிட்டுப் போயிருச்சின்னு நெனச்சேன்.”

“எலி இல்லை,” என்றேன்.

மறுநாள் அவர் கடிதத்தோடு போனார். தானும் வருவேன் என்று வெளிக்கிட்ட அம்மாவை, “நீங்க வராம இருந்தாலே எனக்குப் பெரிய உதவிம்மா” என்று கும்பிட்டு நிறுத்தினார். பத்து மணியானது. பதினொன்றானது. அம்மா சாமிப்படத்தடியை விட்டு எழும்பவில்லை. நான் மூன்று பேருக்கு அரிசி போட்டேன்.

பன்னிரண்டுக்குக் கேற் கிறீச்சிட்டது. அவருடைய செருப்புச் சத்தம். அடுப்பிலிருந்த பருப்பை இறக்காமலே ஓடினேன்.