முன்னால் மினுக்கிய வெள்ளைக் கார்

மழை என்றால் என் வீட்டுக்காரருக்கு ஒரு விரல் தானாக நீளும். காரின் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சிவப்பு முக்கோணம் போட்ட பட்டன் ஒன்று இருக்கிறதே, ஹசார்ட் லைட், அதை நோக்கி. கண்ணாடியில் நாலு துளி விழுந்தால் போதும், நாலு மூலையிலும் டிக் டிக்கென்று விளக்கு மினுக்க ஆரம்பித்துவிடும். வண்டி பழுதாகி வழியில் நின்றால் போடுவதற்கான விளக்கு அது என்று காரோடு வந்த புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. புத்தகம் எழுதியவனுக்கு இவரளவு அனுபவம் இல்லை, பாவம்.

“அதைப் போட்டா இண்டிகேட்டர் போட்டாலும் தெரியாதுங்க. நீங்க எந்தப் பக்கம் திரும்பப் போறீங்கன்னு பின்னாடி வர்றவனுக்கு எப்படித் தெரியும்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“தெரியாதுல்ல? அப்பத்தான் ஜாக்கிரதையா வருவான்.”

இதற்குமேல் ஒரு மனுஷி என்ன பேசுவது? இருபத்திரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறார், ஒரு விபத்துகூட நடந்ததில்லையாம். அவருக்கு நடந்ததில்லை, வாஸ்தவம்தான். அவருக்குப் பின்னால் வந்தவர்களை யாரும் போய்க் கேட்டதில்லை.

என் தங்கையின் திருமணப் பதிவு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. மாப்பிள்ளைக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. ஞாயிற்றுக்கிழமை கப்பல் ஏறினால் எட்டு மாதம் கழித்துத்தான் தரையில் கால் வைப்பான். ஏற்கெனவே இரண்டு பயணம் முடியட்டும் முடியட்டும் என்று மூன்று வருஷம் காத்திருந்தாயிற்று. இந்தத் தடவை கையெழுத்தாகிவிட்டால் அவனுடைய கம்பெனி குடியிருப்பில் இவள் மனைவியாகக் குடியேறலாம். ஆகாவிட்டால் மறுபடி எட்டு மாதம், என் வீட்டுக் கூடத்து சோபாவில். அவள் தங்கியிருந்த வாடகை அறையைக் காலி செய்து, சாமான்களையெல்லாம் பெட்டி கட்டிவிட்டிருந்தாள். 

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வானம் பொத்துக்கொண்டது. மழையினால் பதிவு அலுவலகம் அன்று பன்னிரண்டு மணிக்கே மூடப்படும் என்று எட்டு மணிக்குத் தகவல் வந்தது. என் வீட்டுக்காரர் உடனே படைத்தளபதியாகிவிட்டார். பின் சீட்டு முழுக்கப் பெட்டிகளோடு அவருடைய வெள்ளைக் கார் முன்னால் போகும். நானும் தங்கையும் என்னுடைய சின்னக் காரில் பின்னால் வர வேண்டும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, படிவம் என்று எல்லாக் காகிதமும் ஒரு பிளாஸ்டிக் பையில், மூன்று ரப்பர் பேண்ட் போட்டு, அவரிடம். எங்களை நம்பி ஒரு துண்டுக் காகிதம் கொடுக்க முடியுமா என்ன!

“ரெண்டு வண்டியிலும் ஹசார்ட் போட்டுக்கணும். நான் முன்னாடி மினுக்கிக்கிட்டே போவேன், நீ அதைப் பார்த்து வா. நடுவுல எவனையும் விடாதே. என்ன ஆனாலும் என் வாலை விட்டுடாதே.”

“சரிங்க” என்றேன். கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் ஊராரின் கண்ணைச் சோதித்துப் பவர் எழுதிக் கொடுக்கிறவள் நான். கண்ணெதிரே போகிற ஒரு வெள்ளைக் காரைத் தொடர்ந்து போகத் தெரியாதா?

கிளம்பியது பத்தேகாலுக்கு. பெரிய சாலைக்கு வந்ததும்தான் விஷயம் புரிந்தது. ஊரில் இருக்கிற அத்தனை வண்டியும் ஹசார்ட் போட்டிருந்தது. கார், வேன், லாரி, தண்ணீர் வண்டி, ஒன்று பாக்கியில்லை. எது ஓடுகிறது, எது நிற்கிறது, எது திரும்பப் போகிறது, ஒரு மண்ணும் தெரியவில்லை. என் வீட்டுக்காரருக்கு இத்தனை சீடர்கள் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். ரயில் பாலத்துக்கு அடியில் சுரங்கப்பாதை இறங்குகிற இடத்தில் லாரி ஒன்று நடுவில் புகுந்துவிட்டது. நான் ஹாரன் அடித்தேன். பத்து நிமிஷம் ஆகியும் அவன் நகர்வதாக இல்லை. பாதைக்குள் முழங்கால் தண்ணீர். லாரியின் பின்பக்கத்தைத் தவிர எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஓரமாக ஒரு கார் மினுக்கிக்கொண்டிருந்தது. அதற்கென்ன, எல்லாமும்தானே மினுக்கிக்கொண்டிருக்கிறது.

அந்தக் காருக்கு முன்னால் தண்ணீரில் ஓர் ஆள் நின்றுகொண்டு இரண்டு கையையும் வீசினான். காரில் கால் வைக்கும் ரப்பர் மேட்டைத் தலையில் கவிழ்த்திருந்தான். மேட் மூக்குவரை மறைத்தது. சட்டைக்குள் எதையோ திணித்து, வயிறு புடைத்திருந்தது.

“அக்கா, யாரோ நிறுத்தச் சொல்றாங்க” என்றாள் தங்கை.

“காலங்காத்தாலேயே ஊத்திக்கிட்டு ஆடறான். நிறுத்தினா நனைஞ்ச நாய் மாதிரி வண்டிக்குள்ள ஏறி உக்காந்துப்பான்.”

“கஷ்டத்துல இருக்கறவர் மாதிரி தெரியுது.”

“இப்ப நிறுத்தினா உங்க மாமா வாலை விட்டுடுவோம். அப்புறம் அந்த மனுஷன் வாயில யாரு விழறது?”

அவன் எங்கள் வண்டிக்குக் குறுக்கே வரப் பார்த்தான். ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவன் மீது தண்ணீரை வாரியடித்தபடி தாண்டினேன். பத்தடி பின்னாலேயே ஓடி வந்தான். கண்ணாடியில் அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. “ஓட்டப் பந்தயத்துக்கு வேற தயாராயிட்டான்” என்றேன். தங்கை சிரிக்கவில்லை.

மேடேறியதும் லாரி ஒரு பக்கம் திரும்பிவிட்டது. முன்னால் வெள்ளைக் கார், நாலு பக்கமும் மினுக்கிக்கொண்டு. அப்பாடா என்று அதன் பின்னால் ஒட்டிக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் கார் ஒரு சின்னத் தெருவுக்குள் நுழைந்தது. அங்கிருந்து இன்னொன்று. பிறகு வேறொன்று. நாலாவது திருப்பத்தில் முதலில் போன தெருவுக்கே வந்து சேர்ந்தோம்.

“மாமா எங்க போறாரு?” என்றாள் தங்கை.

“குறுக்கு வழி. உங்க மாமா கண்டுபிடிக்கற குறுக்கு வழியெல்லாம் இப்படித்தான் இருக்கும். போன தடவை பால் வாங்கப் போய் ஏர்போர்ட்டைப் பார்த்துட்டு வந்தோம்.”

முன்னால் இருந்த கார் வேகம் எடுத்தது. நானும் எடுத்தேன். அது மெதுவாகப் போனது. நானும் மெதுவாகப் போனேன். நடுவில் எவனையும் விடவில்லை. இவ்வளவு கச்சிதமாக அவர் பேச்சை நான் கேட்டது கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

கடைசியில் அந்தக் கார் ஒரு காம்பவுண்டுக்குள் சர்ரென்று புகுந்து நின்றது. நானும் பின்னாலேயே போய் நிறுத்தினேன். அது போலீஸ் ஸ்டேஷன். காரின் கதவைத் திறந்து முன்பின் தெரியாத ஒரு பெண் இறங்கி, செருப்பைக்கூட விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். 

நானும் தங்கையும் பின்னாலேயே உள்ளே போனோம்.

“இவங்கதான் சார். பாலத்துலேர்ந்து என் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வர்றாங்க” என்று அவள் மேசைக்குப் பின்னால் இருந்த போலீஸ்காரரிடம் மூச்சு வாங்கினாள். “வேணும்னே நாலு தெரு சுத்தினேன். நாலு தெருவும் வந்தாங்க. எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது.”

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். புதுத் துணியும் பூங்கொத்துமாக நின்ற தங்கையைப் பார்த்தார். “எதுக்கும்மா இந்த அம்மாவைத் துரத்தினீங்க?”

“துரத்தலைங்க. என் வீட்டுக்காரர்னு நெனச்சுட்டேன்.”

“இவங்களையா?”

“கார் வெள்ளை. ஹசார்ட் லைட் போட்டிருந்துச்சு.”

அவர் ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தார். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வெள்ளைக் கார் மினுக்கிக்கொண்டு போனது. “அப்ப இவங்கள்ல யாரு வேணா உங்க வீட்டுக்காரரா இருக்கலாம், இல்ல?” என்றார். ஊருக்கெல்லாம் நக்கல் பேசுகிற எனக்கு ஒருவன் பதில் நக்கல் அடித்தால் பிடிக்காது என்பதை அங்கேதான் கண்டுகொண்டேன். பெயர், முகவரி, லைசென்ஸ் என்று எழுதி முடிக்க இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டார். அந்தப் பெண் தண்ணீர் குடித்து, விஷயம் புரிந்து, தங்கைக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டால் மணியே போகவில்லை. தங்கை மாப்பிள்ளைக்குப் போட்டாள். “அவரும் இங்க வரலையே. பதினொண்ணேகால் ஆச்சு. ஆபீசர் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாரு” என்று அவன் பதறுவது எனக்கே கேட்டது.

அப்போது மேசையில் இருந்த வயர்லெஸ் கரகரத்தது. போலீஸ்காரர் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “இன்னிக்கு நமக்குன்னே வருது. ரயில் பாலத்துக்குக் கீழே வண்டி நின்னுபோய் ஒருத்தன் தலையில கால் மேட்டைப் போட்டுக்கிட்டு வர்ற போற வண்டியெல்லாம் மறிக்கிறானாம். அரை மணி நேரமா ஆளாளுக்குப் போன் பண்றாங்க. பின்னாடி சீட்டு நிறையப் பெட்டி வேற இருக்குதாம்.”

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காரை நோக்கி ஓடினோம்.

பாலத்துக்குத் திரும்பிப் போக இருபத்தைந்து நிமிஷம் பிடித்தது. சாலை முழுக்க அதே மினுக்கல். வண்டி கெட்டுப்போய் உதவிக்கு நிற்கிறவன் எவன், சும்மா மழைக்குப் பயந்து மினுக்குகிறவன் எவன் என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் வீட்டுக்காரர் அந்தப் பட்டனைச் சரியான காரணத்துக்காக அழுத்தியிருக்கிறார். ஒருத்தன்கூட நம்பவில்லை. கட்டின பெண்டாட்டியே நம்பவில்லை.

பாலத்தடியில் விளக்கே இல்லாமல் இருட்டாக ஒரே ஒரு கார் நின்றது. மினுக்கி மினுக்கி பேட்டரி செத்துவிட்டிருந்தது. அவர் காரின் மேல் சாய்ந்து நின்றார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. வண்டியைத் தள்ள இறங்கியதில் சட்டைப் பையிலிருந்த போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். நடந்தே போய்விடலாம் என்று பார்த்தாராம். பெட்டிகளை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லையாம். எங்கள் வண்டியில் ஏறியதும் நடுங்கிக்கொண்டே, “மணி என்னம்மா?” என்று தங்கையைக் கேட்டார்.

“பன்னெண்டு ஆகப்போகுது மாமா.”

நான் அன்று ஓட்டியதுபோல் இனிமேல் ஓட்ட மாட்டேன். ஹசார்டை அணைத்துவிட்டு, இண்டிகேட்டர் போட்டு, இருக்கிற தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு ஓட்டினேன். பன்னிரண்டு எட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். வெளிக் கேட்டில் பூட்டுத் தொங்கியது. மாப்பிள்ளை கேட்டுக்கு வெளியே குடைகூட இல்லாமல் நின்றிருந்தான்.

“பன்னெண்டு வரைக்கும் ஆபீசர் எனக்காக உக்காந்திருந்தார். பொண்ணும் இல்ல, பேப்பரும் இல்ல, நான் எதை வெச்சு எழுதறதுன்னு கேட்டார். என்ன சொல்றதுன்னு தெரியல.” அவன் தங்கையைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். “அடுத்த தேதி மூணு வாரம் கழிச்சுத்தான் இருக்காம்.”

மூன்று வாரம் கழித்து அவன் நடுக்கடலில் இருப்பான். அது அங்கே நின்ற நாலு பேருக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரர் சட்டைக்குள் கைவிட்டுப் பிளாஸ்டிக் பையை எடுத்தார். அவர் உடம்பில் நனையாத இடம் ஒன்றில்லை. பையைத் துடைத்துத் தங்கையிடம் நீட்டினார். “உள்ள ஒரு சொட்டுகூட இறங்கலம்மா. யாராவது ஒருத்தர் நிறுத்தியிருந்தா கொண்டாந்து சேர்த்திருப்பேன். எத்தனையோ வண்டி போச்சு, ஒருத்தரும் நிறுத்தல.”

தங்கை பையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“நீ நிறுத்தியிருக்கலாம் அக்கா” என்றாள். சத்தமாகக்கூட இல்லை.

எனக்கு முகம் எரிந்தது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு அவசரமாகத் தங்கை பக்கம் திரும்பினார்.

“அவளை எதுக்கும்மா சொல்றே? தலையில மேட்டைப் போட்டுக்கிட்டு நின்னா யாருக்கு அடையாளம் தெரியும்? நானே உங்க வண்டி போனதைக் கவனிக்கல.”

பொய். அவர் எங்கள் வண்டியைப் பார்த்துத்தான் குறுக்கே வந்தார், எங்கள் வண்டிக்குப் பின்னால்தான் ஓடினார். வேறு எந்த வண்டிக்கு அந்த மனிதர் அப்படி ஓடியிருப்பார்? அது பொய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தங்கை காத்திருந்தாள். “மழை ரொம்ப அதிகம்” என்றேன்.