டார்க்காவின் வாளி

1

இந்தக் கதை ஒரு வாளியில் தொடங்கியது. பொய். என் சந்தேகத்தில் தொடங்கியது.

மே மாதத்தில் மழை விட்ட ஒரு காலை. பக்கத்துப் பண்ணை டார்க்கா தன் வாசலோரப் புதருக்குள் குனிந்து எதையோ கிள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். ஜூலையில் என் சாஸ்கட்டூன் செடிகளின் சின்ன ஊதாப் பழங்களில் ஆரஞ்சு நிறத்தில் முடி முளைத்தது.

2

முதல் தொடக்கம்: 'டார்க்காவின் கண் கொள்ளிக்கண், அவள் பார்த்த மரம்...'

[இந்த வரியை அடித்துவிட்டேன். ஆனால் அப்படித்தான் நினைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.]

ஏழு வருடமாக வளர்த்த செடிகள். களை வராமலிருக்க அடியில் தரையோடு படரும் குளோவர், தேனீ வரட்டுமென்று ஓரத்தில் பூக்கும் சைவ்ஸ் வெங்காயத்தாள். இதுதான் முதல் முழு விளைச்சல். அத்தனையும் குப்பைக்குப் போனது. 

3

நேராகப் போய்க் கேட்டேன்.

"வாளியில என்னடி வச்சிருந்த?"

"உன் தோட்டத்துக்கு வர்ற சனியன."

"என்னத்தத் தெளிச்ச?"

"நான் எங்கடி தெளிச்சேன்? நீ குடுத்ததுதான் தெளிக்குது. வந்து பாரு."

வாசலில் நின்ற ஜூனிப்பர் புதரைக் காட்டினாள். அவள் கணவன் நெஸ்டர் இறந்த நாற்பதாம் நாள் சடங்குக்கு நான் கொண்டுபோய் நட்டது.

"மழை பெஞ்சா இதுல இருக்கிற பூஞ்சைக் கட்டியிலேருந்து ஆரஞ்சுக் கூழு வரும். அங்கேருந்து காத்துல கெளம்பி உன் பழத்துல ஒக்காரும். மூணு வருஷமா அந்தக் கட்டியக் கிள்ளிப் போட்டுட்டிருந்தேன். இந்த வருஷம் இடுப்பு புடிச்சுக்கிச்சு, மேல எட்டல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வெட்டுன்னுவ."

[சாஸ்கட்டூன் பக்கத்தில் ஜூனிப்பர் ஆகாது என்று நானும் படித்திருக்கிறேன். ஆனால் இந்தச் சமவெளியில் செடி வாங்கும்போது எல்லோரும் கேட்கும் ஒரே கேள்வியைத்தான் நானும் கேட்டேன்: மைனஸ் நாற்பது டிகிரிக் குளிரைத் தாங்குமா? என் வேலிக்குள் எதற்கு எது துணை என்று பார்த்தவள், வேலிக்கு அப்பால் பார்க்கவில்லை.]

4

கதைக்கு எழுதிப் பார்த்த முடிவுகள்:

டார்க்காவே வெட்டிவிடுகிறாள். [இவ்வளவு நல்லவளா? நம்ப மாட்டேன்.]

நான் என் செடிகளைப் பிடுங்குகிறேன். [இவ்வளவு நல்லவளா நான்?]

அவள் கிள்ளவே இல்லை, கதை விடுகிறாள். [வாளிக்குள் இருந்ததை நான் பார்க்கவில்லையே. இதை எழுதும்போது கொஞ்சம் நிம்மதியாக இருப்பதுதான் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.]

5

நேற்று டார்க்கா ஒரு ரம்பத்தைக் கொண்டுவந்து என் எழுத்து மேசையில் வைத்தாள்.

"நீ வச்ச செடி, நீயே முடிவு பண்ணு. வெட்டுறதா இருந்தா நான் சர்ச்சுக்குப் போயிருக்கும்போது வெட்டிரு. சத்தம் என் காதுல விழக்கூடாது."

இன்று ஞாயிறு. அவள் வண்டி இப்போதுதான் என் வாசலைத் தாண்டியது, வழக்கத்தைவிட மெதுவாக. அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தேன்.

வாசகரே, ரம்பத்தை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். பூசை முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.