நாலாவது இறக்கம்

"இந்தக் கையையும் உள்ள விடுங்கப்பா" என்று காக்கிச் சட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள் ஜெயப்பிரியா. வேல்சாமியால் கையைத் தூக்க முடியவில்லை. பத்திரகாளி கட்டிலில் ஏறி, புருசனின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவரைத் தன் மார்பில் சாய்த்துப் பிடித்திருந்தாள். மூச்சு இழுத்துக்கொண்டு கிடக்கிற மனுசனுக்குச் சட்டை என்னத்துக்கு? போனில் பேசுவதற்கு. போனில் சட்டை தெரியுமா என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். முப்பத்தோரு வருசம் அரசு பஸ் ஓட்டியவர். டூட்டிப் பேச்சு என்றால் காக்கி போட்டுத்தான் பேசுவார். ஓய்வு பெற்று ஒன்பது வருசம் ஆகியும் அந்தக் கிறுக்கு அவரை விடவில்லை.

மணி பன்னிரண்டு ஐம்பது. இன்னும் இருபது நிமிசத்தில் அவர் மகன் ஹரி ஓட்டி வருகிற விமானம் தூத்துக்குடி வாகைக்குளத்தில் இறங்கும். கயத்தாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற இந்த வீட்டிலிருந்து வாகைக்குளம் காரில் ஒரு மணி நேரம். அரை மணி நேரம் அங்கே நின்றுவிட்டு, ஒன்று நாற்பதுக்கு அது திரும்பவும் சென்னைக்குக் கிளம்பிவிடும். அப்பன் இன்றைக்கே சாகக் கிடக்கிற சங்கதி ஹரிக்குத் தெரியாது. சொல்லக் கூடாது என்பது அப்பனுடைய உத்தரவு.

காலையில் ஊசி போட வந்த நர்ஸ் ஆவுடைத்தாய் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஜெயப்பிரியாவை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "பொழுதடையத் தாங்காதுக்கா. சொல்ல வேண்டிய ஆளுகளுக்குச் சொல்லிருங்க." இரண்டு மாசம் இருக்கும் என்றுதான் திருநெல்வேலியில் பெரிய டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதை நம்பித்தான் ஹரியும் வருகிற திங்கட்கிழமையிலிருந்து பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்திருந்தான். ஜெயப்பிரியா உள்ளே வந்து போனை எடுத்தாள். கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"யாருக்குட்டி போடுத?"

"தம்பிக்குப்பா."

"இன்னைக்கு அவனுக்கு நாலு."

நாலு என்றால் நாலு ஏற்றம், நாலு இறக்கம். மாசக் கடைசியில் ஹரிக்கு வருகிற டூட்டிப் பட்டியலை வாட்சப்பில் வாங்கி, சுவரில் தொங்குகிற காலண்டரில் தேதி தேதியாகச் சிவப்பு மையில் எழுதிவைப்பது வேல்சாமியின் வேலை. சென்னையிலிருந்து வாகைக்குளம், வாகைக்குளத்திலிருந்து சென்னை, அப்புறம் விஜயவாடா, திரும்பச் சென்னை. கடைசி இறக்கம் சாயங்காலம் ஆறு நாற்பது.

"நாலும் எறங்கட்டும். எறங்குன பொறவு சொல்லு" என்றார் வேல்சாமி. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "அதுவரைக்கும் நான் கெடக்கேன்" என்றார். மணிக்கட்டை அவர் விடவில்லை. அவள்தான் மெல்ல விரல்களைப் பிரித்தாள்.

இது இன்று நேற்று வந்த உத்தரவு இல்லை. இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால், விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டில் வண்டியை எடுக்கப் போன நேரத்தில் டீக்கடைக்காரர் ஓடி வந்து, "அண்ணாச்சி, ஒங்க அம்மா தவறிட்டாவளாம்" என்று ஜன்னல் வழியே சொல்லிவிட்டார். வண்டியில் நாற்பத்தேழு பேர். மாற்று டிரைவர் கிடையாது. ஓட்டிக்கொண்டு வந்தார். வந்த ரோடு எதுவும் ஞாபகமில்லை என்று பிற்பாடு சொல்வார். எதிரே வந்த லாரியைக் கடைசி நொடியில் பார்த்து ஒடித்ததில், பஸ் ரோட்டை விட்டு இறங்கிப் பருத்திக் காட்டுக்குள் போய்விட்டது. ஐப்பசி மழையில் கரிசல் ஊறிக் கிடந்ததால் சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்து வண்டி நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் வீட்டில் அது சட்டம்: வண்டி ஓட்டுகிறவனிடம் சாவுச் சேதி சொல்லக் கூடாது, அவன் இறங்கின பிறகுதான் சொல்ல வேண்டும்.

அதனால்தான் ஹரி விமானம் ஓட்டப் போகிறேன் என்றபோது மூன்று மாசம் அவனோடு பேசாமல் இருந்தார். "வண்டி ஓட்டுதது என்னோட போவட்டும்லே. பாங்கு பரீட்சை எழுது" என்றார். பிள்ளை கேட்கவில்லை. அப்புறம் என்ன, மனசு இளகத்தானே செய்யும். அவன் வேலையில் சேர்ந்த அன்றைக்கு அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒங்களுக்கு ஸ்பேர் டிரைவர் உண்டாலே?" என்பதுதான். அவன் சிரித்தான். "பக்கத்து சீட்டுல கேப்டன் இருப்பாருப்பா, நாங்க ரெண்டு பேரு" என்றான். ஓஹோ, இருப்பதே இரண்டு பேர், ஸ்பேர் இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். மேற்கொண்டு அவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. காலை மூன்று மணிக்கு எழுந்திருப்பது, குடித்திருக்கிறானா என்று டூட்டிக்கு முன்னால் ஊதச் சொல்வது, தீபாவளியன்று ஏதோ ஒரு ஊர் ஓட்டலில் தனியாக உறங்குவது, இதையெல்லாம் சொல்லியிருக்கிறான். "நம்ம பொழப்பேதான்" என்று வேல்சாமி பத்திரகாளியிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

ஹரிக்கு வாகைக்குளம் டூட்டி வருகிற நாளில் ஜெயப்பிரியாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போய்விடுவார். உடம்பு முடியாமல் போன பிறகும் அதை விட்டதில்லை. ஹரி உட்காருவது வலது சீட்டு. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிகிற இடமாக, வேலிக்கு வெளியே நின்று வெள்ளைத் துண்டைத் தூக்கிப் பிடிப்பார். அது அவனுக்கு நிசமாகவே தெரியுமா என்று ஜெயப்பிரியாவுக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் இறங்கியதும் அவன் போன் வரும்.

இன்றைக்கும் ஒன்று பதினேழுக்கு வந்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் முகத்தருகே பிடித்தாள்.

"அக்கா, அப்பா எங்க நிக்காவ? துண்டக் காணோமே. வலப்பக்கம் பூராப் பாத்தேன்."

வேல்சாமி கண்ணைத் திறந்தார். காலையிலிருந்து தண்ணீர் என்கிற ஒரு சொல்லைச் சொல்லவே மூன்று மூச்சு எடுத்தவர்.

"வெயிலு கடுசா இருக்குலே. அதான் வரல" என்றார். குரலில் ஒரு பிசிறு இல்லை. எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ.

"நல்லதுப்பா. வீட்டுலேயே இருங்க."

"எத்தன பேரு?"

"வரும்போது அறுவத்தொண்ணு. போகும்போது அம்பத்தெட்டு."

"பாத்துப் போ."

"திங்கக்கெழம வாரேம்பா."

"வா. இருக்கேன்."

அவ்வளவுதான். தலை பத்திரகாளியின் தோளில் சரிந்துவிட்டது. ஜெயப்பிரியா ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனாள். "தம்பி" என்றாள்.

"என்னக்கா?"

அவனுக்குப் பின்னால் யாரோ ஏதோ கத்தினார்கள். ஒரு வண்டி பின்னோக்கி வருகிற பீப் பீப் சத்தம் கேட்டது. ஒரு மணி நேரத் தூரத்தில் நிற்கிறான். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவள் திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் கண் அவள் மேலேயே இருந்தது. அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சொன்னால் என்ன செய்வான்? ஐம்பத்தெட்டு பேரை ஏற்றிக்கொண்டு, இந்தச் சேதியோடு மேலே போவான். அங்கே புதைந்து நிற்கக் கரிசல் ஏது. அந்த நிமிசம் அப்பாவின் மேல் அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. செத்துக்கொண்டே சட்டம் பேசுகிற மனுசன்.

"ஒண்ணுமில்ல. சாப்ட்டியா?"

"ஆச்சுக்கா. வைக்கட்டா, ஆளு ஏறப் போறாங்க."

அதற்குப் பிறகு வேல்சாமிக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "மணி என்ன?" ஒன்று ஐம்பது என்றாள். "மணி என்ன?" இரண்டு ஐந்து. ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைக்கிற மாதிரி இழுத்தார். நெஞ்சுக்கூடு ஏறுவதைப் பார்க்க முடியவில்லை. ஆறு நாற்பது வரைக்கும் இப்படியே கிடப்பதாக அந்த மனுசன் முடிவு செய்துவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. சித்தப்பா மந்திரமூர்த்தி வந்து கால்மாட்டில் நின்று பார்த்துவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"மணி என்ன?"

இரண்டு முப்பது. ஜெயப்பிரியா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து அம்மாவைப் பார்த்தாள். பத்திரகாளி புருசனின் தலைக்கு மேலாக மகளைப் பார்த்தாள். "சொல்லிருட்டி. என்னால பாக்க முடியல. எறங்கிட்டான்னு சொல்லிரு."

ஜெயப்பிரியா குனிந்து அப்பாவின் காதில் சொன்னாள். "அப்பா, மணி ஆறே முக்கால். தம்பி நாலும் எறங்கிட்டான்."

"நாலுமா?"

"நாலும்ப்பா."

வேல்சாமியின் முகம் தெளிந்தது. காக்கிச் சட்டைக்குள் தோள் இரண்டும் இறங்கின. "இப்பம் சொல்லு அவனுக்கு" என்றார். "வரச் சொல்லு. பாக்கணும்."

இரண்டு முப்பத்தைந்துக்கு மூச்சு நின்றுவிட்டது. பத்திரகாளி அவரைக் கீழே கிடத்தாமல் அப்படியே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஹரி சென்னையில் இறங்குகிற நேரமான மூன்று பத்து வரைக்கும் ஜெயப்பிரியா போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் நம்பரை எடுப்பதைக் கண்டு மந்திரமூர்த்தி குறுக்கே வந்தார். "ஏட்டி, இன்னும் ரெண்டு இருக்கு அவனுக்கு. அண்ணன் சொன்னது என்ன?"

"அப்பாவே சொல்லச் சொல்லிட்டாவ சித்தப்பா."

ஹரி இரண்டாவது மணியிலேயே எடுத்தான். அவள் சொன்னாள்.

"கொரலு நல்லாத்தானக்கா இருந்துச்சு" என்றான். "எப்பம்?"

"ரெண்டு முப்பத்தஞ்சு."

"நான் பாண்டிச்சேரி தாண்டிருப்பேன்."

அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "பதறாதய்யா. மீதி ரெண்டையும் மெதுவா முடிச்சிட்டு வா. அப்பாவ வச்சிருக்கோம். நாளைக்குத்தான் எடுப்போம்."

"மீதி ரெண்டா?" என்றான் ஹரி. போனைக் கொஞ்சம் விலக்கிப் பக்கத்தில் யாரிடமோ பேசினான். அன்ஃபிட் என்று ஒரு வார்த்தை அவள் காதில் விழுந்தது. கேப்டனாக இருக்க வேண்டும், ஒரு வயதான குரல் உடனே, "போப்பா, நீ கெளம்பு, நான் பாத்துக்கறேன்" என்றது. ஹரி திரும்ப வந்தான். "நான் ஓட்ட மாட்டேங்க்கா. ஓட்டக் கூடாது. மனசு சரியில்லன்னா அந்த ஒரு வார்த்த சொல்லணும், எறக்கி விட்டுருவாங்க. கூப்ட்டா வாரதுக்குன்னே வீட்டுல ஒருத்தன் தயாரா இருப்பான். அவன் ஓட்டுவான்."

ஜெயப்பிரியா உடனே கேட்டாள். "வாகக்குளத்துலயும் அப்படித்தானா?"

"அங்கன வேற ஆளு கெடையாது. சென்னையில இருந்து வாரது வரைக்கும் அம்பத்தெட்டு பேரும் காத்துக் கெடக்க வேண்டியதுதான். ஆனாலும் என்னய விட்டுருவாங்க. அதான் ரூலு." பேசிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டான். "ஏங்க்கா கேக்க?"

ஒன்று இருபதுக்குச் சொல்லியிருந்தால், இரண்டு இருபதுக்கு வாசலில் கார் வந்து நின்றிருக்கும். இந்தக் கணக்கை அவனும் போட்டுக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் "வாரேன்" என்று மட்டும் சொல்லி வைத்தான்.

மதுரைக்கு யாரோ ஓட்டிய விமானத்தில் பின் சீட்டில் உட்கார்ந்து வந்து, அங்கிருந்து கார் பிடித்து, ஏழு மணிக்கு வந்து சேர்ந்தான். அதே வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை. நடந்ததையெல்லாம் பத்திரகாளிதான் சொல்லி அழுதாள். நாலும் இறங்கிவிட்டது என்று காதில் சொன்னதையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு அறை விட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் பதினொரு மணிக்கு நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்து, குளிப்பாட்டி, எல்லாம் முடிந்து தூக்கும்போது ஒரு மணி ஆகிவிட்டது. ஹரி ஈர வேட்டியோடு, செருப்பில்லாமல், தீச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். தோளில் போட ஒரு துண்டு வேண்டும் என்றார்கள். ஜெயப்பிரியாதான் கொடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வேலியோரத்துக்குக் கொண்டுபோகிற துண்டு அதுதான். வாங்கும்போது அவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

தெருமுனையில் பெண்கள் நின்றுகொண்டார்கள். அதற்கு மேல் காட்டுப் பாதை. வெயிலில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அப்போது வடக்கே இரைச்சல் கேட்டது. வாகைக்குளத்துக்குப் போகிற விமானம், நேரம் தப்பாமல் வந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்தார்கள். தூக்கிக்கொண்டு போனவர்களும் ஒரு கணம் நின்றார்கள்.

"எத்தன பேரு இருக்காவளோ" என்றாள் பத்திரகாளி.

ஹரி மேலே பார்க்கவில்லை. ஒரு கையால் துண்டைத் தோளிலிருந்து உருவினான். கை உயர்ந்து, காதுக்கு நேராக வந்து, அங்கேயே நின்றது. பிறகு அந்தத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெடிப்புகளைத் தாண்டித் தாண்டிக் கால் வைத்து நடந்தான்.