சம்மனசுத் தட்டு

1

இந்தக் கதை ஐந்து சொற்களிலிருந்து வந்தது. அவற்றைச் சொன்னவன் நான். என்ன சொன்னேன் என்பதை நான்காம் பகுதியில் எழுதுகிறேன். இதை ஏதோ உத்தி என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு முன் எழுதத் துணிவில்லை, அவ்வளவுதான்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "அல்லைப்பிட்டிக் கடல் அன்று—"

வெட்டிவிட்டேன். கடலோடு தொடங்கினால் வாசிப்பவர் உடனே சோகத்துக்கு ஆயத்தமாகிவிடுவார். எனக்கு அந்த உதவி வேண்டாம்.

இரண்டாம் வரைவு: "பரராசசிங்கம் என்ற வியாபாரி பழைய இசைத்தட்டுகளைத் தேடித் தீவெல்லாம் சைக்கிளில் திரிந்தான். பொல்லாதவன்—"

இதையும் வெட்டினேன்.* பரராசசிங்கம் என்று எவனும் இல்லை. என் பெயர் தியாகலிங்கம். ஊர் நாரந்தனை. தபால் கந்தோரில் உத்தியோகம், லீவு நாட்களில் அந்த வியாபாரம். பழியை இல்லாத ஒருவனின் தலையில் கட்டிவிட்டுத் தப்பப் பார்த்தேன். கதை எழுதுவதில் இப்படியொரு வசதி உண்டு.

(* வெட்டிய வரிகள் உங்கள் கண்ணில் படுவதற்குக் காரணம் இது யாழ்ப்பாணம், 1994. கொப்பித் தாளுக்குத் தட்டுப்பாடு. திருத்தி இன்னொரு முறை எழுதத் தாள் இல்லை.)

2

கொழும்பில் ஒரு டாக்குத்தர் இருந்தார். ஒப்பரா என்று வெள்ளைக்காரர் சொல்லும் சங்கீத நாடகங்களில் அவருக்குப் பித்து. அதிலும் இந்த நூற்றாண்டு பிறந்த கையோடு பதிவான தட்டுகள்தான் வேண்டும். நான் தேடிக் கொடுப்பேன், அவர் வாங்குவார்.

தீவுப்பகுதியில் அதெல்லாம் எப்படி என்று கேட்பீர்கள். ஊர்காவற்றுறையில் கப்பலேறிப் போனவர்கள் கொண்டு வந்தார்கள். சாவி கொடுக்கும் பாட்டுப்பெட்டியும், கூடவே தெரிந்ததும் தெரியாததுமாக நாலு தட்டும்.

1987இல் அல்லைப்பிட்டிக்கு, மரியநாயகி அக்காவிடம் போனேன். அவருடைய கணவர் யாக்கோப்பு முந்திய வருடம் கடலுக்குப் போனவர். வள்ளமும் திரும்பவில்லை, உடலும் கரை சேரவில்லை. யாக்கோப்பின் பாட்டனார் கப்பல் குசினியில் வேலை பார்த்தவர். அவர் இத்தாலியில் ஒரு துறைமுகத்தில் வாங்கிய தட்டு ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. அக்கா அதை அலுமாரிக்குள், சேலைகளுக்கு நடுவிலிருந்து எடுத்தார்.

தட்டின் நடுவே ஒட்டிய தாளில், சிறகு முளைத்த உருவம் ஒன்று குந்தியிருந்து எழுதிக்கொண்டிருந்தது.

தட்டை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். அந்தப் படம் போட்டவை மிக முந்திய காலத்துத் தட்டுகள். ஒரு பக்கத்தில் மட்டும் பாட்டு, மறுபக்கம் வெறும் வழவழப்பு. டாக்குத்தர் பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த பாடகியின் பெயர் அதில் இருந்தது.

"சம்மனசு," என்றார் அக்கா. தேவதூதரை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். படத்தைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். "நாங்கள் செய்யிற நன்மை தின்மையை எழுதுறார்."

"ஒருக்காப் போட்டுக் காட்டுவீங்களோ அக்கா?"

"ஐயோ தம்பி, சும்மா போடுறேல்லை. செத்த வீட்டில மட்டுந்தான். இது லத்தீன் செபமெல்லோ."

அவர்களைக் குற்றம் சொல்லாதீர்கள். அந்தத் தட்டு ஊருக்கு வந்தது, அவர்கள் கோயிலில் பூசையே லத்தீனில் நடந்த காலம். புரியாத பாஷை, உருகிப் பாடும் குரல், நடுவில் சம்மனசு. வேறு என்னவென்று நினைப்பார்கள்?

"ஆறு சாவுக்குப் போட்டது," என்றார். "கடைசியா இவருக்கு. பிரேதம் இல்லையே, இவர் உடுக்கிற சேட்டை வாங்கு மேல விரிச்சு வைச்சுத் தட்டைப் போட்டம். பாதை அடைச்சிருந்தது, சுவாமியாரும் வர ஏலாமப் போச்சு. இவருக்கு இந்தச் செபம் மட்டுந்தான் தம்பி."

ஆறு சாவு, ஆறே தரம். அதுவும் தட்டைக் கீறும் இரும்பு ஊசியால் அல்ல, நாகதாளிக் கள்ளியின் முள்ளால். அதனால்தான் ஒரு கீறல்கூட இல்லை. அந்த நேரம் நான் நினைத்தது இதைத்தான். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இந்த வரியை வெட்டப்போவதில்லை.

3

1988 மாசியில் யாக்கோப்பின் தாயார் ஞானசவுந்தரி இறந்துபோனார். துக்கம் விசாரிக்கப் போனேன்.

(பொய். தட்டைக் கேட்கப் போனேன்.)

பிரேதப் பெட்டியை மூடுவதற்கு முன் மரியநாயகி அக்கா யாக்கோப்பின் சேட்டைக் கொண்டுவந்தார். நீலக் கோடு போட்ட சேட்டு. அதை மடித்துக் கிழவியின் கைகளுக்குக் கீழே வைத்தார்.

"தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்லட்டும்," என்றார்.

யாரோ சாவி கொடுத்தார்கள். அக்கா முள்ளைத் தட்டில் இறக்கினார். முதலில் மீன் பொரிவது போல ஓர் இரைச்சல். பிறகு அந்தப் பெண்ணின் குரல். முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் முழங்காலில் நின்றார்கள். சைவக்காரன் நான், நானும் நின்றேன்.

அந்தக் குரலைப் பற்றி மூன்று பந்தி எழுதி, மூன்றையும் வெட்டினேன். அழுதேன் என்பது மட்டும் போதும்.

4

கதையை அங்கே விட்டிருக்கலாம். நல்ல முடிவு. ஆனால் நான் எட்டாம் நாள் திரும்பவும் போய்த் தட்டை விலைக்குக் கேட்டேன்.

"எவ்வளவு தந்தாலும் ஏலாது தம்பி. செபத்தை ஆரும் விப்பினமோ?"

டாக்குத்தரின் கடிதம் என் சட்டைப் பைக்குள் இருந்தது. யாக்கோப்புக்கு அந்தப் பாட்டைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்:

"இது செபமில்லை அக்கா, நாடகப் பாட்டு."

அக்கா என்னைப் பார்த்தார். "லத்தீன் எல்லோ?"

"இத்தாலி. ஒரு நாடகக்காரி மேடையில பாடினது. புத்தகத்தில இருக்கு."

"அவள் என்ன சொல்லிப் பாடுறாள்?"

"தெரியாது."

அதுவும் உண்மை. நான் விற்ற ஒரு தட்டின் பொருளும் எனக்குத் தெரியாது.

அக்கா கதிரையைப் பிடித்துக்கொண்டு அதில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்:

"அப்ப என்ர மனிசனுக்கு நாங்கள் ஒண்டுமே சொல்லேல்லையோ?"

இதற்கு நான் என்ன பதில் சொன்னேன்? வரைவுகளில் மூன்று பதில்கள் இருக்கின்றன.

(அ) "மனதால் சொன்னால் எல்லாம் செபந்தான் அக்கா."
(ஆ) "கடவுளுக்கு எல்லாப் பாஷையும் தெரியும்."
(இ) "சம்மனசு—"

மூன்றும் நன்றாக இருக்கின்றன. ஒன்றையும் நான் சொல்லவில்லை.

தட்டைத் தலையணை உறைக்குள் போட்டு என் கையில் வைத்தார். "கொண்டுபோம்," என்றார். காசை நீட்டினேன், பார்க்கக்கூட இல்லை.

5

ஒரு வரைவில் தட்டை விற்றேன். வியாபாரி என்றால் விற்கத்தானே வேண்டும். உண்மையில் விற்கவில்லை. "மனச்சாட்சி உறுத்தியது" என்று எழுதி அதையும் வெட்டினேன். ஆசை ஐயா, ஆசை. டாக்குத்தருக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து எல்லோரும் தீவை விட்டு ஓடினோம். உடுப்பை விட்டேன், தட்டை விடவில்லை. அடுத்த வருடம் யாழ்ப்பாணத்தில் அகதிகள் தங்கிய பள்ளிக்கூடம் ஒன்றில் மரியநாயகி அக்காவைக் கண்டேன். மறுநாளே தட்டைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். இரவல் வாங்கிய பாட்டுப்பெட்டியும் கொண்டுபோயிருந்தேன்.

"அக்கா, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். படிச்ச ஒராளிட்டைக் கேட்டனான். இது செபந்தானாம்."

வழியெல்லாம் பாடமாக்கிய பொய். அக்கா உறையைத் தடவிப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"இந்தப் பொய்யை அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே தம்பி," என்றார். "இனிப் போட்டா எனக்கு நாடகமாத்தான் கேக்கும்."

தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, தண்ணீர் வரிசைக்கு வாளியை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

6

தட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பெண் என்ன பாடுகிறாள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. இனிக் கேட்டும் பயனில்லை.

இந்தக் கதைக்கு ஒரு முடிவு எழுத எனக்கு உரிமை இல்லை. நான்காம் பகுதியை எழுதாமல் விடப் பலமுறை பார்த்தேன், ஏலவில்லை. செய்தவன் நான், நடந்ததை அழிக்க என்னால் முடியாது. உங்களுக்கு அந்தத் தடை இல்லை.

அதனால் ஓர் உதவி. இதை எப்போதாவது ஒருவருக்கு வாசித்துக் காட்டினால், மூன்றாம் பகுதியோடு நிறுத்திவிடுங்கள். மிச்சத்தைக் கிழித்தாலும் சரி, தாள் தட்டுப்பாட்டில் எதற்காவது உதவும். மூன்றில் எல்லோரும் முழங்காலில் நிற்கிறார்கள். பெட்டிக்குள் நீலக் கோட்டுச் சேட்டு இருக்கிறது. தட்டு சுற்றிக்கொண்டிருக்கிறது. யாக்கோப்புக்காக யாரோ செபிக்கிறார்கள்.

நான் இன்னும் வாய் திறக்கவில்லை.