ஓய்வுநாட் கிணறு

குன்றாண்டார்கோவிலுக்கு வடபால், கிடக்கும் யானைகளெனக் கரும்பாறைகள் வெயில் காய, வெடித்த கண்மாய்கள் வாய்பிளந்து வானை இரக்க, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டின் கோடை ஞாயிறொன்றில், ஓலைவேய்ந்த கிறித்தவச் சிறுகோயிலின் பாட்டொலி காதில் விழுந்தும் அங்குச் செல்லலாகாதவனாய்த் தான் வெட்டிவந்த கிணற்றுள் இறங்கினான் கிணறுவெட்டி மலையாண்டி.

ஊர் நாவறண்டு தவிக்க ஓய்வுநாளிலும் பாறை உடைத்தான் என்பதே அவன் குற்றம். அதற்காக அவன் பெயரைத் திருக்கூட்டமாகிய சபையின் ஏட்டில் அடித்தவர் அதை நடத்திய உபதேசியார் வேதமாணிக்கம். கூட்டத்தார்முன் குற்றத்தை ஒப்பும்வரை திருவிருந்துமில்லை, கல்லறைத் தோட்டத்தில் இடமுமில்லை என்றார். தண்ணீர் தேடியது பாவமென்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை.

அன்று, முந்தின நாள் வைத்த வெடிவேட்டில் விரிசல்கண்டிருந்த பாறை சரிந்து அவன் தொடைகளைக் கவ்வியது. மூன்று திங்களாய் அவன் தேடிய ஊற்று அப்பிளவிலிருந்தே பீறிட்டது. மனைவி அடைக்கலமேரி அலறியோட, வழிபாட்டை விட்டு வெள்ளுடையோடு வந்தவர்கள் பாறைக்கு வடம்பூட்டி இழுத்தனர். வடம் இருமுறை அறுந்தது. நீர் மார்பளவாயிற்று.

"அய்யா, அவுக பேர ஏட்டுல சேத்துக்கங்கய்யா! சபைக்கு வெளிய செத்தா ஏதுங்க ரட்சிப்பு?" என்று உபதேசியாரின் காலைப் பற்றினாள் அடைக்கலமேரி.

உபதேசியார் கிணற்றுள் குனிந்தார். "மலையாண்டி, குத்தத்த ஒத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுப்பா. சபையே இங்கன நிக்குது."

"எங்கய்யா நிக்குது? வடத்தையில்ல இழுக்குது! ஞாயித்துக்கெழம அதுவுமா வேல செய்றீங்க. ஒங்க பேரையும் அடிச்சிருங்க!" என்றான் கீழிருந்து மலையாண்டி.

இழுத்தவருள் ஒருவன் சிரித்து, சிரிப்பிலேயே அழுதான்.

"அழுவாத புள்ள," என்று மனைவியைத் தேற்றியது கீழிருந்து அவன் குரல். "ஏட்டுல அடிச்சது அய்யா கை. என்னையப் பிடிச்சிருக்கிறது ஆணி பாஞ்ச கை. அது விடாது."

மேலிருந்து கேட்கப் பொறாதவராய் உபதேசியார் கயிற்றைப் பற்றி இறங்கி, நீர் தம் மோவாயைத் தொடும்வரை அவன் தலையை ஏந்தி நின்றார். ஒப்புதல் கேட்க வந்தவர் வாயிலிருந்தே ஒப்புதல் பிறந்தது: "மன்னிச்சிருப்பா."

"மேல போங்கய்யா. அவ தனியா நிக்கிறா."

உபதேசியாரை மட்டுமே அக்கயிறு மீட்டது.

மூன்றாம்நாள், நீரிறைத்தெடுத்த உடலைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கியபின், வேதமாணிக்கம் ஏட்டைத் திறந்தார். அடித்த பெயரை மீண்டும் எழுதினாரல்லர். அவன் சொன்னபடியே, அதன்மேலிருந்த தம் பெயரையும் அடித்தார். கயிறு பிடித்தல் கூட்டத்தின் கடன். கரையேற்றும் கை அதனுடையதன்று. இதை அறிய அவருக்கு ஒரு கிணற்றின் ஆழம் வேண்டியிருந்தது, அன்பரே. அந்த ஆழத்திலிருந்து அவர் பின்னர் ஒருநாளும் முழுதாய் ஏறி வந்தாரில்லை.