கரண்டு போன ராட்டினம்

எங்கள் மகள் முபீனாவுக்குச் சென்னையில் வேலை. எங்கள் கல்யாண நாளுக்கு வருஷா வருஷம் சேலை அனுப்புவாள். இந்த வருஷம் சேலை வரவில்லை. குரங்கணி போகிற வழியில் மலையடிவாரத்தில் புதிதாகத் திறந்திருக்கிற கேளிக்கைப் பூங்காவில் எங்கள் இருவருக்கு மட்டும் தனி டூர் பதிவு செய்துவிட்டாள். வரிசையில் நிற்க வேண்டாம், கூட்டத்தில் இடிபட வேண்டாம், கூடவே ஒரு கைடு வருவாராம். அதோடு, மற்றவர்களை உள்ளே விடாத ஓர் இடத்தையும் திறந்து காட்டுவார்களாம். எந்த இடம் என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

"நாலு இருக்கும்மா," என்றாள் போனில். "பேய் வீட்டுல பேய் எப்படி வருதுன்னு காட்டுவாங்க. குளத்துல அலை எப்படி வருதுன்னு காட்டுவாங்க. அவங்க சமையக்கட்டு ஒண்ணு, ராட்டினத்தோட எஞ்சின் ரூம் ஒண்ணு. எது வேணும்?"

"ராட்டினம்," என்றேன் நான்.

"அலைக்குளம்," என்றார் என் வீட்டுக்காரர் மஸ்தான், நான் வாயை மூடுவதற்குள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனிதர் ஏலக்காய் வியாபாரி. வாரத்தில் பாதி நாள் ஜீப்பில் மலைக்குப் போய் எஸ்டேட் எஸ்டேட்டாகக் காய் பார்த்து வாங்குகிறவர். அங்கே எப்படியோ, வீட்டில் கல்லுளிமங்கன். என்ன குழம்பு வைக்க என்று கேட்டால் "எதையாச்சும் வையி" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. அவருக்கு அலைக்குளத்தின் மேல் அப்படி என்ன ஆசை?

"எதுக்குங்க? நீச்சல் அடிக்கப் போறீங்களா?"

"மோட்டார் பாக்கலாம்ல. பெரிய மோட்டாரா இருக்கும்."

"மோட்டார் நம்ம வீட்டுக் கொல்லையிலயே கெடக்கு, ரிப்பேரா. மொதல்ல அதைப் பாருங்க."

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது அவருக்குத் தெரியும். விட்டுக்கொடுத்துவிட்டார். ஆனால் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு ஏன் ராட்டினம் என்று முபீனா கேட்கவில்லை. அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் பிளஸ் டூ முடித்து, டீச்சர் ட்ரெயினிங் போகிற கனவில் இருந்த வருஷம். கம்பத்தில் மாப்பிள்ளை, ஏலக்காய் வியாபாரம், நல்ல குடும்பம் என்று அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அம்மாவிடம் சொன்னது கதவுக்குப் பின்னால் நின்ற என் காதில் விழுந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையை நான் பார்ப்பதெல்லாம் நிக்காஹ் முடிந்துதான். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் அதுதான் வழக்கம். அதுகூட எனக்குப் பெரிய குறையில்லை. "உனக்குச் சம்மதமாம்மா?" என்று அத்தா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் முள்ளாகத் தைத்தது. நிக்காஹ் அன்று பெண்ணிடம் சம்மதம் கேட்பார்கள், இல்லையென்று சொல்லவில்லை. பந்தல் போட்டு, பிரியாணி தம்மில் இருக்கும்போது வந்து கேட்டால் எந்தப் பெண் மாட்டேன் என்பாள்?

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர் போடிக்குப் பொருட்காட்சி வந்தது. எங்களைக் கடைத்தெருவுக்குக்கூடக் கூட்டிப் போகாத அத்தா, திடீரென்று "கெளம்பும்மா, ராட்டினம் பாத்துட்டு வரலாம்" என்றார். துணைக்குப் பக்கத்து வீட்டு மூக்கம்மாள் அக்கா. எங்கள் இருவரையும் தொட்டியில் ஏற்றிவிட்டு, தனக்குத் தலை சுற்றும் என்று அத்தா கீழே நின்றுகொண்டார். சுற்றப் போகிற நேரத்தில் ராட்டினக்காரர் எங்கள் எதிர் சீட்டில் ஓர் இளவட்டத்தை ஏற்றிவிட்டார். மேலே போனது. உச்சியில் போய் நின்றே விட்டது.

மூக்கம்மாள் அக்கா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீரபாண்டி ஆத்தாவிலிருந்து ஒரு சாமி விடாமல் கூப்பிட்டார். எனக்குப் பயமே இல்லை. காலுக்குக் கீழே போடி முழுசும் கிடந்தது. மலையிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. எதிரே இருந்தவர் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த வருசம் ஏலக்காய் காய்ப்பு பரவால்ல," என்றார். முன்பின் தெரியாத பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது! நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ராட்டினம் இறங்கியது.

"கரண்டு போயிருச்சும்மா. பயந்துட்டியா?" என்றார் அத்தா.

நிக்காஹ் முடிந்து முகத்தைப் பார்த்தால், அல்லாவே, அதே ஆள்! "அன்னைக்கே நான்தான் பொண்ணுன்னு தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியாது" என்றார். அன்றிலிருந்து, கரண்டு போனதில் கிடைத்த மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அத்தா கேட்காமல் விட்டதற்கு ஆறுதலாக அல்லா ராட்டினத்தை நிறுத்திக் காட்டினான் என்று நம்பினேன். ஆனால் அத்தாவை நான் மன்னிக்கவில்லை. போவேன், வருவேன், வேண்டியதைச் செய்வேன். மனசு விட்டுப் பேச மாட்டேன்.

டூர் அன்று காலையில் ஸ்கூட்டரில் போய் இறங்கினோம். கைடாக வந்தவள் முத்துப்பிரியா. தேவாரத்துப் பெண், மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள், கலகலப்பானவள். வாசலிலேயே மஸ்தான் அவளிடம் கெஞ்சலாக, "எஞ்சின் ரூமுக்குப் பதிலாப் பேய் வீட்டை மாத்திக்கிடலாமாம்மா?" என்றார்.

"பேயைத் தனியா வேற பாக்கணுமாக்கும்? அதான் முப்பது வருசத்துக்கு மேல குடும்பம் நடத்துறீங்கள்ல," என்றேன். முத்துப்பிரியா விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

புது ராட்டினத்தின் எஞ்சின் அறையில் ஒரே பொத்தான்களும் திரைகளும். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் அறையின் மூலையில், ஒரு சிமெண்டு மேடையில், பச்சைப் பெயிண்டு அடித்த பழைய எஞ்சின் ஒன்று இருந்தது. பக்கத்தில் பெல்ட்டு, ஆள் உயர மரக்கட்டை ஒன்று.

"இது எங்க முதலாளி ஆசையா வாங்கி வச்சதும்மா. போடி, கம்பம், தேனின்னு அந்தக் காலத்துல பொருட்காட்சி பொருட்காட்சியாச் சுத்துன ராட்டினத்து எஞ்சின்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் ஏறியதே இதுவாக இருக்கலாம் இல்லையா? எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன். என் கதையை அவளுக்கு ஆதியோடு அந்தமாக, மூக்கம்மாள் அக்கா கத்திய கத்தலோடு சேர்த்துச் சொன்னேன். கரண்டு போன இடம் வந்ததும் அந்தப் பெண்ணின் நெற்றி சுருங்கியது.

"இது டீசல் எஞ்சின்மா. கரண்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே."

"இது இல்லாம வேற ராட்டினமா இருக்கும்."

"ஊர் ஊராப் போறவங்க கரண்டை நம்ப முடியுமாம்மா? எல்லாமே டீசல்தான். கரண்டு போனா பல்புதான் அணையும், ராட்டினம் சுத்திக்கிட்டுத்தான் இருக்கும். நிக்கணும்னா ஒரு ஆளு இந்தப் பிரேக்குக் கட்டையைப் பிடிச்சு இழுக்கணும். உங்களுக்காக யாரோ சொல்லி நிறுத்தியிருக்காங்க."

நான் திரும்பி மஸ்தானைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்துப்பிரியா விவரமானவள். டீ கொண்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டாள்.

"நீங்களா நிறுத்தச் சொன்னது?"

"நானில்ல. மாமா."

என் அத்தாவைத்தான் அவர் மாமா என்பார்.

"எங்க அத்தாவா? எதுக்கு?"

அவர் மேடை விளிம்பில் உட்கார்ந்தார். "மாமா கம்பத்துக்கு வந்து என்னையத் தனியாப் பாத்தாரு. 'எம்புள்ள மனசுல என்ன இருக்குன்னு தெரியல. நான் கேட்டா பயந்துக்கிட்டுச் சரின்னுரும். நீ கேளு. ஊரறியக் கேக்க முடியாது, ராட்டினத்துல ஏத்திவிடுறேன், மேல நிறுத்தச் சொல்றேன். வேணாம்னு அது சொல்லிருச்சுன்னா, நீயே வேணாம்னுட்டதா உங்க வீட்ல சொல்லிரு. எம்புள்ள அடங்காததுன்னு பேரு வரக் கூடாது'ன்னாரு."

"நீங்க கேக்கலியே! ஏலக்காய் காய்ப்பைல்ல சொன்னீங்க!"

"வாய் வரல."

"கீழ வந்து அத்தாகிட்ட என்ன சொன்னீங்க?"

அவர் பழைய பெல்ட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லுங்க!"

"நீ சம்மதம்னு சொல்லிட்டதாச் சொன்னேன். கேட்டு, நீ மாட்டேன்னுட்டா? அப்படிச் சிரிச்ச புள்ளைய எப்படி விடுறது மெஹ்ராஜ்?"

வேறொரு நாளாக இருந்தால் இந்தச் சொல்லுக்கு நான் உருகியிருப்பேன். அன்று பற்றி எரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் என் அத்தாவையே மறைத்துவிட்டாரே! இத்தனை வருஷமும் அவரை நான் குறை சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாரே!

"பாவி மனுசா! அத்தா கடைசியாப் படுத்திருக்கும்போது 'நல்லாருக்கியாம்மா'ன்னு என்னையக் கேட்டாரு. 'என்னையக் கேட்டா கட்டி வச்சீங்க, இப்ப மட்டும் கேக்க வந்துட்டீங்க'ன்னு நான் மூஞ்சியில அடிச்ச மாதிரிச் சொன்னேன். நீங்க கூடத்தான நின்னீங்க?"

"நின்னேன். நீ சொன்னதும் மாமா என்னையப் பாத்தாரு. ஒண்ணும் கேக்கல. பாத்துட்டுச் செவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அவருக்கு விளங்கிருச்சு. அதுலருந்து எனக்கு உறக்கமே சரியில்ல. சொன்னா நீ பேசாம இருந்துருவியோன்னு..."

நான் அழுதேன். சத்தமாக, வெட்கமில்லாமல், அந்த எஞ்சினைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மகளின் பேர் கெடாமல் அவள் மனசை அறிய, கம்பம் வரை போய், ராட்டினக்காரனிடம் சொல்லிவைத்து, கீழே அண்ணாந்து பார்த்தபடி நின்ற மனிதர் அவர். அவரைத்தான் என்னை ஆடு மாடு போலப் பிடித்துக் கொடுத்தவர் என்று நினைத்தேன். மூஞ்சியில் அடித்த மாதிரி நான் சொன்ன அதுதான் அவர் என் வாயால் கேட்ட கடைசிப் பேச்சு.

முத்துப்பிரியா டீயோடு வந்து திகைத்து நின்றாள். "இந்த டிக்கெட்டுல ராட்டினத்துல ஒரு சுத்து உண்டும்மா. வேணாம்னா விட்டுரலாம்."

"போகணும். உச்சிக்குப் போனதும் நிறுத்தும்மா," என்றேன்.

மேலே போய் நின்றது. ஒரு பக்கம் குரங்கணிச் சரிவு மேகத்தோடு கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. இவர் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். தாடி மொத்தமும் வெள்ளை.

"கேளுங்க," என்றேன்.

அவருக்குப் புரிந்தது. "மெஹ்ராஜ், என்னையக் கட்டிக்கிட உனக்குச் சம்மதமா?" என்றார்.

"பதிலைக் கொண்டுபோயி யார்கிட்டக் குடுப்பீங்க?"

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கீழே இறங்கும்வரை நான் அவரைத் தொடவில்லை.

"வண்டியை நேரா அத்தாவை அடக்கியிருக்கிற கபர்ஸ்தானுக்கு விடுங்க," என்றேன் வெளியே வந்ததும். எங்கள் ஊரில் பெண்கள் கபர்ஸ்தானுக்குள் போவதில்லை. நான் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "போயி அத்தாகிட்ட உள்ளதைச் சொல்லுங்க. ஒண்ணு விடாமச் சொல்லணும்."

தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு தயங்கி நின்றார். "நீ என்ன பதில் சொன்னேன்னு சொல்றது?"

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "அன்னைக்குக் கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். பொய்யே தேவைப்பட்டிருக்காது. அதையும் சேத்துச் சொல்லுங்க. வெரசாப் போங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார். அத்தாவின் தலைமாட்டுக் கல்லருகே போய் நின்று, கையேந்தி துவாக் கேட்டுவிட்டு, குனிந்து பேசத் தொடங்கினார். அவர் திரும்பி வரும்வரை பொறுத்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடியே, ரோட்டில் போகிறவர்களெல்லாம் திரும்பிப் பார்க்க, "அத்தா, நான் நல்லாருக்கேன்!" என்று கத்தினேன்.